சோலோ பறக்கும் மாணவருக்கு வானிலை வரம்பு: எண்களை எப்படிப் போடுவது?

பயிற்றுநர் இறங்கிக்கொண்டு மாணவரை மட்டும் விமானத்தில் அனுப்பும் நாளில், மாணவரின் லாக்புக்கில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். ‘பகலில் மட்டும். மொத்தக் காற்று 10 நாட்டுக்கு மேல் கூடாது. குறுக்குக் காற்று 5 நாட். சீலிங் 2,500 அடிக்குக் குறையக் கூடாது. பார்வைத் தூரம் 6 மைல்.’ (நாட் என்பது வேக அளவு, மணிக்கு ஒரு கடல் மைல். குறுக்குக் காற்று என்பது ஓடுபாதைக்குக் குறுக்கே அடிக்கும் காற்று. சீலிங் என்பது வானத்தை மூடிய மேகத்தின் உயரம்.) பார்க்கச் சாதாரணமாக இருக்கும் இந்த ஒன்றிரண்டு வரிகள்தான் அன்று விமானம் கிளம்புமா, கொட்டகையிலேயே நிற்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன. அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, அன்றைய வானிலை அறிக்கையோடு அவற்றை எப்படி ஒப்பிடுவது, எங்கே கணக்கு பிசகுகிறது என்பதைப் பார்ப்போம்.

விமானி உரிமம் வாங்க இங்கிருந்து அமெரிக்கா போகிறவர்கள் நிறைய. அதிலும் ஃபுளோரிடா, டெக்சாஸ், அரிசோனா பக்கம் போகிறவர்கள் அதிகம். அதனால் இந்தக் கட்டுரை அமெரிக்க விதிகளை வைத்தே பேசுகிறது. விமானம், பயிற்சிப் பள்ளிகளில் சர்வ சாதாரணமாகக் காணப்படும் செஸ்னா 172எஸ்.

சட்டம் சொல்வது கொஞ்சம்தான்

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, மாணவ விமானிக்கு விதிக்கும் கட்டுப்பாடுகள் 61.89 என்ற விதியில் இருக்கின்றன. பார்வைத் தூரம் பகலில் 3 மைலுக்குக் குறையக் கூடாது, இரவில் 5 மைல். இவை தரை மைல்கள். 3 மைல் என்றால் ஏறக்குறைய 4.8 கிலோமீட்டர். தரையைக் கண்ணால் பார்த்தபடி பறக்க முடியாவிட்டால் பறக்கவே கூடாது. இவற்றோடு, கண்பார்வையில் பறக்கும் எல்லோருக்கும் பொதுவான மேக இடைவெளி விதி சேரும்: பயிற்சி நடக்கும் பெரும்பாலான வான்வெளியில், மேகத்துக்குக் கீழே 500 அடி, மேலே 1,000 அடி, பக்கவாட்டில் 2,000 அடி தள்ளி இருக்க வேண்டும்.

காற்று? அதற்கு ஓர் எண்கூடக் கிடையாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். தரையிறங்கும்போது மாணவரை அதிகம் தடுமாற வைப்பது காற்றுதான், ஆனால் சட்டம் அதைப் பயிற்றுநரின் கையில் விட்டுவிட்டது. தெரிந்த சூழ்நிலையில் இந்த மாணவர் பாதுகாப்பாகப் பறப்பார் என்று தீர்மானித்த பிறகே, தேவையான வரம்புகளை லாக்புக்கில் எழுதி, பயிற்றுநர் சோலோவுக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது 61.195.

விஷயம் அதோடு முடியவில்லை. லாக்புக்கில் பயிற்றுநர் எழுதிய வரம்பை மாணவர் மீறக் கூடாது என்றும் 61.89 சொல்கிறது. ஆக, பயிற்றுநர் ‘10 நாட்’ என்று எழுதிவிட்டால் அந்த மாணவரைப் பொறுத்தவரை அதுவே சட்டம். 12 நாட் காற்றில் கிளம்பி, பூப்போல இறக்கியிருந்தாலும் அது விதிமீறல்தான். பள்ளிக்கும் தனியாக ஒரு கையேடு இருக்கும், அதிலும் எண்கள் இருக்கும். சட்டம், பள்ளி, லாக்புக் மூன்றில் எது கடுமையோ அதுதான் செல்லும். வரம்பை உயர்த்தும் அதிகாரம் பயிற்றுநருக்கு மட்டுமே. ‘இன்று எனக்குச் சரியில்லை, 5 நாட்டுக்கு மேல் போக மாட்டேன்’ என்று இறக்கிக்கொள்ளும் உரிமை மாணவருக்கு எப்போதும் உண்டு.

கையேட்டில் உள்ள 15 நாட்

172எஸ் விமானக் கையேட்டில், நிரூபிக்கப்பட்ட அதிகபட்சக் குறுக்குக் காற்று 15 நாட் என்று இருக்கும். அதைவிடச் சிறிய செஸ்னா 152க்கு 12 நாட். மாணவர்கள் இதைப் பார்த்துவிட்டு, ‘விமானமே 15 தாங்கும், எனக்கு ஏன் 5?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

அந்த 15 ஒரு சோதனை விமானி செய்து காட்டிய அளவு. சான்றிதழ் தருவதற்கான பழைய விதி, இறங்கும் நிலையில் விமானம் ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்குவிசையை இழக்கும்) வேகத்தில் 20 சதவீதம் அளவுக்காவது குறுக்குக் காற்றைச் சமாளித்துக் காட்டச் சொன்னது. சோதனை நாட்களில் எவ்வளவு காற்று கிடைத்ததோ, அதில் எவ்வளவு செய்து காட்டினார்களோ, அது கையேட்டில் ஏறியது. அது விமானத்தின் உச்ச எல்லையும் அல்ல, பாதுகாப்பு உத்தரவாதமும் அல்ல. இருபது, முப்பது மணி நேரம் பறந்த மாணவருக்கும் அந்த எண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மாணவரின் எண் மாணவரிடமிருந்துதான் வர வேண்டும். நடைமுறையில் நன்றாக வேலை செய்யும் வழி இது: பயிற்றுநருடன் பறக்கும் ஒவ்வொரு நாளும், இறங்கிய நேரத்தில் குறுக்குக் காற்று எவ்வளவு என்பதை லாக்புக் ஓரத்தில் குறித்து வைப்பது. பக்கத்திலேயே இன்னொரு குறிப்பு: பயிற்றுநரின் கை கட்டுப்பாட்டைத் தொட்டதா, வாய் திறந்து ஏதாவது சொன்னாரா? ‘ரடர், ரடர்’ (வால் சுக்கானை மிதி) என்று சொல்லி இறக்கிய லேண்டிங் கணக்கில் சேராது. கையும் வாயும் சும்மா இருந்த லேண்டிங்குகள் மட்டும்தான் சேரும். அப்படி இரண்டு மூன்று தனித்தனி நாட்களில், 10 நாட் குறுக்குக் காற்றில், நடுக்கோட்டை விட்டு விலகாமல் மாணவர் இறக்கியிருந்தால், சோலோ வரம்பை 7 நாட் என்று வைக்கலாம். காட்டிய திறமையில் மூன்றில் இரண்டு பங்கு, தோராயமாக. சட்டத்தில் இல்லாத கணக்குதான், ஆனால் காரணம் இருக்கிறது. தனியாகப் போகும்போது பதற்றம் கூடும். பக்கத்தில் ஆள் இல்லாததால் விமானமும் இலேசாகி, சட்டென்று மேலே ஏறும், தரையருகே கூடுதலாக மிதக்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. அமைதியான காலை வேளைகளில் மட்டுமே பயிற்சி பெற்றவர் அழகாக இறக்குவார். ஆனால் அவருடைய குறிப்புகளில் 3 நாட்டுக்கு மேல் குறுக்குக் காற்றே இருக்காது. அவருக்கு 5 என்று எழுதினால் அது அளவீடு இல்லை, ஊகம்.

குறுக்குக் காற்றுக் கணக்கு

மொத்தக் காற்று ஒன்று, அதில் ஓடுபாதைக்குக் குறுக்கே அடிக்கும் பங்கு வேறு. அந்தப் பங்கை அறிய, ஓடுபாதையின் திசைக்கும் காற்றின் திசைக்கும் உள்ள கோணம் தெரிந்தால் போதும். 15 டிகிரி என்றால் காற்றில் கால் பங்கு குறுக்கே வருகிறது. 30 டிகிரி என்றால் பாதி. 45க்கு முக்கால். 60க்கு மேல் போனால் முழுக் காற்றும் குறுக்கே என்றே வைத்துக்கொள்ளலாம். உண்மையான சைன் மதிப்புகள் 45க்கு 0.71, 60க்கு 0.87, நம் கணக்கு கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், பாதுகாப்பான பக்கம்தான்.

ஓர் உதாரணம். பயன்பாட்டில் உள்ள ஓடுபாதை 07, அதாவது 70 டிகிரி. விமான நிலையத்தின் பதிவு செய்த வானிலை ஒலிபரப்பான ஏடிஸ் சொல்கிறது: காற்று 100 டிகிரியிலிருந்து 12 நாட், கஸ்ட் 20 நாட். கோணம் 30 டிகிரி. பாதி என்றால் குறுக்குக் காற்று 6 நாட். மாணவரின் வரம்பு 7. போகலாமா?

கூடாது. கஸ்ட் என்பது இடையிடையே வந்து மோதும் வீச்சு. 20இல் பாதி 10 நாட். சக்கரம் தரையைத் தொடும் அந்த ஓரிரு வினாடியில் வீச்சு வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வரம்பை எப்போதும் கஸ்ட் எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். மாணவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்: சராசரிக் காற்றை வைத்துக் கணக்குப் போட்டு, ‘வரம்புக்குள்தான் இருக்கிறது’ என்று கிளம்புவது. லாக்புக் குறிப்பில் ‘கஸ்ட் உட்பட’ என்ற இரண்டு சொற்களைப் பயிற்றுநர் எழுதாமல் விடுவதும் இதற்கு ஒரு காரணம்.

திசையில் இன்னொரு நுணுக்கம். எழுத்தில் வரும் மெட்டார் அறிக்கையிலும் டாஃப் முன்னறிவிப்பிலும் காற்றின் திசை உண்மை வடக்கை வைத்துச் சொல்லப்படுகிறது. டவரும் ஏடிஸும் வாயால் சொல்வது காந்த வடக்கை வைத்து. ஓடுபாதை எண்ணும் காந்த வடக்கைச் சார்ந்ததே. ஃபுளோரிடாவில் இரண்டுக்கும் வித்தியாசம் 10 டிகிரிக்கும் குறைவு, பெரிதாகத் தெரியாது. வித்தியாசம் அதிகமுள்ள ஊர்களில், வரம்பின் விளிம்பில் நிற்கும் நாளில், இது முடிவையே மாற்றிவிடும்.

கஸ்ட்டுக்குத் தனி வரம்பு

கஸ்ட் விரிவு என்பது சராசரிக்கும் வீச்சுக்கும் உள்ள வித்தியாசம். மேலே சொன்ன உதாரணத்தில் 20 கழித்தல் 12, ஆக 8 நாட். காற்று ஓடுபாதைக்கு நேர் எதிரே அடித்து, குறுக்கே பூஜ்யமாக இருந்தாலும்கூட இந்த எண்ணுக்கு ஒரு வரம்பு வேண்டும். காரணம் எளிது. 172எஸ் இறங்கும்போது காற்றுவேகம் 65 நாட் என்று வைப்போம். எதிர்காற்று திடீரென்று 10 நாட் குறைந்தால், அந்தக் கணம் விமானத்தின் காற்றுவேகம் 55. தரையிலிருந்து பத்து, பதினைந்து அடி உயரத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் விமானம் தொப்பென்று விழும். அனுபவசாலியின் கை தானாகவே திராட்டிலைத் தள்ளி இன்ஜின் விசையைக் கூட்டும். மாணவரின் கை பெரும்பாலும் மூக்கை இன்னும் தூக்கும், அதனால் வேகம் மேலும் குறையும்.

விரிவில் பாதியை இறங்கும் வேகத்தோடு கூட்டிக்கொள்ளச் சொல்வது வழக்கம். 8 நாட் விரிவுக்கு 4 நாட் கூடுதல். ஆனால் வேகம் கூடினால் தரையருகே மிதக்கும் நேரமும் கூடும். மிதக்கும் நேரத்தில்தான் குறுக்குக் காற்று விமானத்தை ஓரத்துக்குத் தள்ளும். ஒன்றுக்கு மருந்து இன்னொன்றுக்கு நோய். அதனால்தான் முதல் சோலோவுக்குப் பல பயிற்றுநர்கள் கஸ்ட்டே இருக்கக் கூடாது என்று எழுதுகிறார்கள். பிறகு 5 நாட் விரிவு, அப்புறம் 8 என்று தளர்த்தலாம். அறிக்கையில் கஸ்ட் இல்லாததாலேயே காற்று சீராக இருக்கிறது என்றும் எண்ணிவிடக் கூடாது. மெட்டார் காற்று 2 நிமிடச் சராசரி. ஐந்து நிமிடம் வெளியே நின்று காற்றுப் பையைப் பார்த்தால் அறிக்கை சொல்லாததும் தெரியும்.

சீலிங்: செய்யப்போகும் வேலையிலிருந்து தொடங்குங்கள்

வானத்தில் பாதிக்கு மேல் மூடியிருக்கும் மேக அடுக்குகளில் மிகத் தாழ்ந்ததன் உயரம்தான் சீலிங். எட்டில் ஐந்து பங்கு மூடினால்தான் சீலிங் கணக்கில் வரும். மூன்று, நான்கு பங்கு சிதறலாக இருந்தால் கணக்கில் வராது. ஆனால் அதன் உள்ளே விமானம் நுழைந்தால் அதுவும் மேகம்தான். எனவே ‘சீலிங் 2,500’ என்று மட்டும் எழுதாமல், ‘2,000 அடிக்குக் கீழே சிதறல் மேகமும் கூடாது’ என்று சேர்ப்பது நல்லது.

எண்ணைக் கண்டுபிடிக்க, அன்று மாணவர் எந்த உயரத்தில் என்ன செய்யப்போகிறார் என்று பாருங்கள். விமான நிலையத்தைச் சுற்றும் சர்க்யூட்டின் உயரம் பொதுவாகத் தரையிலிருந்து 1,000 அடி. மேகத்துக்குக் கீழே 500 அடி இடைவெளி வேண்டும். 1,500 வந்துவிட்டது, இது வெறும் சட்டக் குறைந்தபட்சம். மாணவர் 100, 200 அடி ஏறிப்போவது சகஜம். மேகமும் அரை மணியில் இறங்கலாம். இன்னொரு 1,000 அடி சேர்த்தால் 2,500.

பயிற்சிப் பகுதிக்குப் போய் ஸ்டால் பயிற்சி செய்ய வேண்டுமானால் கணக்கு மாறும். ஸ்டாலிலிருந்து மீண்டு முடிக்கும்போது தரையிலிருந்து 1,500 அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது தேர்வுத் தரம். அதனால் 2,500, 3,000 அடியில் தொடங்குவார்கள். அதற்கு மேலே மேகம் வரை இடைவெளி 500. சீலிங் 4,000க்குக் குறைந்தால், மாணவர் தன்னையறியாமல் தாழத் தொடங்குவார். தாழ்ந்த ஸ்டால்தான் ஆபத்தான ஸ்டால்.

குறுக்கு நாட்டுப் பயணத்தில், அதாவது வேறு விமான நிலையத்துக்குப் போய்வரும் நெடும்பயணத்தில், மேற்கு நோக்கிப் போகிறவர் 4,500 அடி உயரத்தைத் தேர்ந்தெடுத்தால், 5,000 அடி சீலிங் இல்லாமல் அந்தத் திட்டமே நிற்காது. ‘தாழ்வாகப் போனால் போகிறது’ என்பவருக்கு ஒரு தகவல்: ஃபுளோரிடா தட்டையான மாநிலம்தான், ஆனால் ஆர்லாண்டோவுக்குக் கிழக்கே நிற்கும் ஒலிபரப்புக் கோபுரங்கள் 1,500 அடியைத் தாண்டும்.

தானியங்கி வானிலை நிலையத்தின் மேகமானி நேர் மேலே மட்டும் பார்க்கும், கடந்த 30 நிமிடத்தில் கண்டதை வைத்து உயரத்தைச் சொல்லும். மேகக் கூட்டம் இரண்டு மைல் தள்ளி வந்துகொண்டிருந்தால் அதற்குத் தெரியாது. மெட்டார், டாஃப் இரண்டிலும் மேக உயரம் விமான நிலையத் தரையிலிருந்து. காக்பிட்டில் உள்ள உயரமானியான ஆல்டிமீட்டர் காட்டுவது கடல்மட்டத்திலிருந்து. கடலோர நிலையத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. உயரமான ஊரில் தரை உயரத்தைக் கூட்ட மறந்தால் கணக்கு ஆயிரக்கணக்கான அடி பிசகும்.

பார்வைத் தூரம்

சட்டம் கேட்கும் 3 மைல் எவ்வளவு குறைவு என்பது ஒரு கணக்கில் விளங்கும். 110 நாட் வேகத்தில் போகும் 172 அந்த 3 மைலை ஒன்றரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். எதிரே அதே வேகத்தில் இன்னொரு விமானம் வந்தால் முக்கால் நிமிடம்கூட இல்லை. அதுவும் மங்கலில் சின்ன விமானம் கடைசி வரை கண்ணில் படாது. சர்க்யூட்டுக்கு 6 மைல், குறுக்கு நாட்டுப் பயணத்துக்கு 8 மைல் அல்லது அதற்கு மேல் என்பது சாதாரணமாக எழுதப்படும் எண்கள். மாலை வெயிலை நோக்கிப் பறக்கும் பகுதியில் அறிக்கையின் 6 மைல் கண்ணுக்கு 3 ஆகிவிடும். அறிக்கை சொல்லாத விஷயம் இது.

மேகத்தில் மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகம் நடத்திய சோதனையை இன்றும் சொல்வார்கள். கருவிகளை வைத்துப் பறக்கப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளிப்பார்வை இல்லாமல் பறக்க வைத்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 வினாடியில். இன்று குறுக்கு நாட்டு சோலோவுக்கு முன்பே கருவிப் பயிற்சி கொஞ்சம் தருகிறார்கள். அது திரும்பி வெளியே வருவதற்கான பயிற்சி. உள்ளே போவதற்கான அனுமதி அல்ல.

கிளம்பும் நேரம் பார்த்தால் போதாது

வரம்பை எந்த நேரத்து வானிலையோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. புறப்படும்போது உள்ள காற்று மாணவரைத் தொந்தரவு செய்வது குறைவு. இறங்கும்போது உள்ள காற்றுதான் சோதனை. எனவே குறிப்பில் இப்படி எழுத வேண்டும்: ‘தற்போதைய வானிலையும், தரையிறங்கத் திட்டமிட்ட நேரத்துக்கு 1 மணி நேரம் பின்பு வரையிலான முன்னறிவிப்பும் வரம்புக்குள் இருக்க வேண்டும்.’

ஃபுளோரிடாவின் கோடைக்காலம் இதைக் கற்றுத்தரச் சரியான இடம். காலை 8 மணிக்குக் காற்றே இருக்காது. நிலம் சூடாகத் தொடங்கியதும் கடற்காற்று உள்ளே நுழையும். கிழக்குக் கரையிலிருந்து ஒன்று, மேற்குக் கரையிலிருந்து ஒன்று. இரண்டும் நடுவில் மோதும் இடத்தில் மதியத்துக்கு மேல் இடிமழை. கோடையில் இது கிட்டத்தட்ட அன்றாட நடப்பு. காலை 10:30க்குக் கிளம்பி 1 மணிக்கு இறங்கத் திட்டமிடும் மாணவர், 2 மணி வரைக்குமான முன்னறிவிப்பைப் பார்க்க வேண்டும். அங்கே ‘100 டிகிரி, 14 நாட், கஸ்ட் 22, அருகில் இடிமழை’ என்று இருந்தால், காலை எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அந்தப் பயணம் அன்றைக்கு இல்லை. காலை 7:30க்குக் கிளம்பினால் போயே வரலாம்.

இங்கே அடிக்கடி நடக்கும் குழப்பம் நேரம். முன்னறிவிப்பு முழுவதும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். டாஃபில் ‘எஃப்எம் 181600’ என்றால் 18ஆம் தேதி 16:00 மணியிலிருந்து என்று அர்த்தம். கோடையில் கிழக்கு ஃபுளோரிடா நேரம் அதற்கு 4 மணி பின்தங்கியது. ஆக அது நண்பகல் 12. மாலை 4 மணி என்று எண்ணிக்கொண்டு மதியம் பறப்பவர், முன்னறிவித்த காற்றுக்குள்ளேயே நேராகப் போகிறார். குளிர்காலத்தில் வித்தியாசம் 5 மணி. டாஃப், விமான நிலையத்தின் மையத்திலிருந்து 5 மைல் தூரம் வரை மட்டுமே பொருந்தும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இடிமழைக்குத் தூர வரம்பு தனியாக வேண்டும். பலத்த இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 மைல் விலகியிருக்கச் சொல்கிறது எஃப்ஏஏ. மாணவருக்கு 25, 30 என்று எழுதுவது மிகையில்லை, ஏனென்றால் மழை வருவதற்கு முன்பே அதன் காற்று வந்துவிடும். டேப்லெட்டில் தெரியும் ரேடார் படத்தை வைத்து மேகங்களுக்கு இடையே வழி தேடக் கூடாது. படத்தின் மேல் ‘2 நிமிடம் முன்’ என்று இருந்தாலும், அதில் உள்ள மழை 15, 20 நிமிடம் பழையதாக இருக்கலாம்.

வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றில் உள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள இடைவெளியையும் பாருங்கள். மாலையில் அது 2, 3 டிகிரிக்குள் சுருங்கி, காற்றும் ஓய்ந்திருந்தால், மூடுபனிக்குத் தயாராக இருக்க வேண்டும்.

அரிசோனா போன்ற இடங்களில் காற்றுக்கு முன்பே வெயில் வரம்பைத் தொட்டுவிடும். பிரெஸ்காட் விமான நிலையம் சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் இயல்பான வெப்பம் 5 டிகிரி செல்சியஸ். 32 டிகிரி அடிக்கும் நாளில் 27 டிகிரி கூடுதல். டிகிரிக்கு 120 அடி வீதம் 3,240. விமானம் உணரும் உயரம், அதாவது அடர்த்தி உயரம், 8,000 அடியைத் தாண்டிவிட்டது. 172எஸ் மேலேறும் வேகம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியளவுக்கு இறங்கிவிடும். அங்கே லாக்புக்கில் அடர்த்தி உயரத்துக்கும் ஓர் எண் வேண்டும்.

எழுதும் விதம்

‘நல்ல வானிலையில் மட்டும்’ என்று எழுதுவது எதுவும் எழுதாததற்குச் சமம். முதல் சோலோ முடித்து, சர்க்யூட்டில் சில மணி நேரம் தனியாகப் பறந்த மாணவருக்கு ஒரு மாதிரி:

‘172எஸ், இதே விமான நிலையத்தின் சர்க்யூட் மட்டும். பகல், சூரியன் மறைவதற்கு 1 மணி நேரம் முன்பு இறங்கியிருக்க வேண்டும். காற்று கஸ்ட் உட்பட 12 நாட். குறுக்குக் காற்று கஸ்ட் உட்பட 6 நாட். கஸ்ட் விரிவு 5 நாட். பின்காற்று கூடாது. சீலிங் 2,500 அடி, அதன் கீழ் சிதறல் மேகமும் 2,000 அடிக்கு மேல். பார்வைத் தூரம் 6 மைல். மழை கூடாது. 25 மைலுக்குள் இடிமேகம் கூடாது. சிறப்பு விஎஃப்ஆர் (வழக்கமான வானிலை அளவுக்குக் கீழே கண்பார்வையில் பறக்கும்) அனுமதி கேட்கக் கூடாது. முன்னறிவிப்பு, இறங்கும் நேரத்துக்கு 1 மணி நேரம் பின்பு வரை. 14 நாள் பறக்காமல் இருந்தால் இந்த அனுமதி செல்லாது.’

கடைசி வரி முக்கியம். சோலோ கையெழுத்து சட்டப்படி 90 நாள் செல்லும். கை பழக்கம் 90 நாள் தாங்காது. இரண்டு வாரம் தேர்வுக்குப் படித்துவிட்டோ, சளி பிடித்துப் படுத்துவிட்டோ வருபவர், பயிற்றுநருடன் ஒரு சுற்று போய்விட்டுத்தான் பழைய எண்களுக்குத் திரும்ப வேண்டும். விமான மாடல் மாறினாலும், 150 அடி அகல ஓடுபாதையில் பழகியவர் 60 அடி அகலத்துக்குப் போனாலும் அப்படியே. குறுக்கு நாட்டு சோலோவுக்கு அந்தந்தப் பயணத்துக்கான வானிலையையும் திட்டத்தையும் பயிற்றுநர் பார்த்து, தனியாக ஒப்புதல் எழுத வேண்டும் என்பது விதி 61.93. அன்று காலை 7 மணிக்குப் பார்த்து எழுதியது, 11 மணிக்குத் தாமதமாகக் கிளம்புபவருக்குப் பொருந்தாது. போன் போட்டுத் திரும்பக் கேட்க வேண்டும்.

மேலே போன பிறகு மாறினால்

வரம்பு கிளம்புவதற்கானது. மேலே இருக்கும்போது காற்று 15 ஆகிவிட்டால், ‘சட்டத்தை மீறிவிட்டேனே’ என்று மாணவர் பதறக் கூடாது; அவருடைய வேலை பத்திரமாக இறங்குவது மட்டுமே. அவசரத்தில் விதியிலிருந்து தேவையான அளவு விலகிக்கொள்ளும் அதிகாரம் விமானத்துக்குப் பொறுப்பான எந்தத் தலைமை விமானிக்கும் உண்டு, தனியாகப் பறக்கும் மாணவருக்கும்தான்.

என்ன செய்வது என்பதைத் தரையிலேயே வரிசைப்படுத்திச் சொல்லி அனுப்ப வேண்டும். முதலில் ‘ஸ்டூடன்ட் பைலட்’ என்று டவரிடம் சொல்வது. சொன்னால் வேகத்தைக் குறைத்துப் பேசுவார்கள், இடம் கொடுப்பார்கள். காற்றுக்கு நேரான வேறு ஓடுபாதை இருந்தால் அதைக் கேட்பது. நிலைப்படாத இறக்கமானால் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மேலேறி மறுபடி சுற்றி வருவது. இரண்டு முறை கோ-அரவுண்ட் ஆனால் மூன்றாவதைக் கட்டாயப்படுத்தாமல், வேறு திசையில் ஓடுபாதை உள்ள பக்கத்து நிலையத்துக்குப் போவது. அந்த நிலையத்தில் முன்பே பயிற்றுநருடன் இறங்கிப் பழகியிருக்க வேண்டும், விமானத்தில் அதற்கான எரிபொருளும் இருக்க வேண்டும். பகலில் 30 நிமிட எரிபொருள் கையிருப்பு சட்டத்துக்குப் போதும். மாற்று நிலையம் போக வேண்டிய மாணவருக்கு 1 மணி நேரம் இல்லாமல் போதாது. பயிற்றுநரும் போனை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது, அதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

எண்களை மிகவும் இறுக்கி வைப்பதிலும் கேடு உண்டு. ‘5 நாட்’ என்று எழுதியதை ஆறு மாதம் தொடாமல் விட்டால், அந்த மாணவர் 5 நாட்டுக்கு மேல் ஒருபோதும் தனியாக முடிவெடுத்திருக்க மாட்டார். பணம் கரைகிறது, விசா நாள் ஓடுகிறது, முன்பதிவு ரத்தாகிக்கொண்டே இருக்கிறது. ‘ஒரு நாட்தானே கூடுதல்’ என்ற எண்ணம் அங்கேதான் முளைக்கும். காற்று வரம்புக்கு மேல் இருக்கும் நாளை ரத்து செய்யாமல், பயிற்றுநருடன் பறக்கும் குறுக்குக் காற்று வகுப்பாக மாற்றினால், அடுத்த வாரமே 5ஐ 7 ஆக்கக் காரணம் கிடைக்கும்.

தனியார் விமானி உரிமம் கைக்கு வந்த அன்று லாக்புக் வரம்புகள் எல்லாம் சட்டப்படி போய்விடும். கட்டுப்பாட்டாளர் கையில் இல்லாத ஜி வகுப்பு வான்வெளியில், தரையிலிருந்து 1,200 அடிக்குள், பகலில் 1 மைல் பார்வைத் தூரமும் மேகத்தைத் தொடாமல் இருப்பதுமே போதும் என்று அதே சட்டம் அவரிடம் சொல்லும்; பயணிகளையும் ஏற்றிக்கொள்ளலாம். அதனால் தேர்வுக்கு முந்தைய கடைசி வகுப்பில், பயிற்றுநர் எழுதாமல் மாணவரே தன் அடுத்த ஆறு மாதத்துக்கான காற்று, சீலிங், பார்வைத் தூர எண்களை எழுதிக் கையெழுத்துப் போடுவது பல பள்ளிகளில் வழக்கம். அந்தத் தாளிலும் ‘கஸ்ட் உட்பட’ இருக்கிறதா என்று பயிற்றுநர் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.